போர்டு காலியாக இருந்த பஸ்: வாசிக்க மறுத்த சிறுவனோடு பத்து மாதம்

முதல் நாள் 45 நிமிட வகுப்பில் அவன் இரண்டு முறை தண்ணீர் குடித்தான், ஒரு முறை ஒன்றுக்குப் போய்வந்தான், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை மூன்று முறை சீவினான். புத்தகம் திறந்திருந்தது மொத்தம் 6 நிமிடம். அதிலும் விரல் ஒரு வரியில் இருந்தது, வாய் வேறு வரியில் ஓடியது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் சத்தம்போட்டு வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டேன். வயிறு வலிப்பதாகச் சொன்னான்.

மதுரையில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். இங்கே எழுதுவது ஒரு பையனோடு ஜூன் முதல் மார்ச் வரை வேலை செய்த கதை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனைப் பையன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பின்னணி

வயது 9, நான்காம் வகுப்பு, தமிழ்வழி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தைக்கிறார், பத்தாவது வரை படித்தவர். கூடவே அப்பாவைப் பெற்ற அப்பத்தா. சொந்த ஊர் தேவதானப்பட்டிக்குப் பக்கம். அங்கே இன்னும் கொஞ்சம் நிலமும் நிறையப் பங்காளிச் சண்டையும் இருப்பதால் அப்பத்தா மாதத்தில் இரண்டு முறையாவது ஊருக்குப் போய்வருவார். துணைக்குப் பேரன்.

பார்வை, காது இரண்டிலும் குறையில்லை. உளவியலாளர் அறிக்கையின்படி பொது அறிவுத்திறன் வயதுக்கேற்ற அளவு. கதை கேட்டால் திருப்பிச் சொல்வான், மனக்கணக்கில் கெட்டிக்காரன். சொற்களை ஒலிகளாகப் பிரிப்பதில் மட்டும் பெரிய தடுமாற்றம். "மரம்" என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் "செடி" என்றான். குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் யோசித்தான். அறிக்கையின் கடைசி வரி: குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக்கூட்டி வாசிப்பதில் வரும் தடுமாற்றம்.

அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது சோம்பேறித்தனமா, இல்ல நெசமாவே நோயா மேடம்?" நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை என்று சொன்னேன். இரண்டு "இல்லை" சொன்னால் யாருக்கும் மனது ஆறாது. அதனால் பழைய கதை ஒன்றையும் சொன்னேன். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி என்று அவன் பெயர். விளையாட்டில் சுட்டி, கணக்கில் தடையில்லை. தன் பெயரையே "பிரெசி" என்று எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்வழியாக மட்டும் நடந்தால் இந்தப் பள்ளியிலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் காலத்துலயே இருந்திருக்கு" என்றார். அதில் அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி.

தமிழில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், அதனால் இந்தக் கோளாறு ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்தும் ஒலியும் ஒட்டிப்போகிற மொழிகளில் தப்பு குறைவாகத் தெரியும் என்பது சரி. பதிலுக்கு வேகம் செத்துப்போகும். எழுத்தெழுத்தாக ஏறி ஏறிச் சொல்லின் முனைக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்துவிடும். அதோடு தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. "தே" என்பதில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். "கோ"வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். உகர, ஊகார வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும்: கு, து, மு, கூ, தூ, லூ. "க" என்ற ஒரே எழுத்து "கல்"லில் ஒரு மாதிரி, "தங்கம்" என்பதில் வேறு மாதிரி ஒலிக்கும். நமக்கெல்லாம் இது கண்ணில்கூடப் படாது. இவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேகத்தடை.

ஜூன் மாத அளவு: நான்காம் வகுப்புப் பாடத்தில், மனப்பாடம் ஆகாத ஒரு பத்தி. ஒரு நிமிடத்தில் 11 சொற்கள், அதில் 4 தப்பு. இரண்டாம் வகுப்புப் பத்தியில் 17. பொருளில்லாத, நானாகக் கோத்த 20 சொற்களில் சரியாக வாசித்தது 4.

ஸ்டார் சார்ட்: என் தப்பு

வாசிக்கவே பிடிக்காத பிள்ளைக்கு ஆசை காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றுவது. எனக்கும் அதுதான் தோன்றியது. சுவரில் அட்டை ஒட்டினேன். தப்பில்லாமல் ஒரு பத்தி வாசித்தால் ஒரு ஸ்டார், 10 ஸ்டார் சேர்ந்தால் ரிமோட் கார்.

முதல் வாரம் பறந்தான். இரண்டாம் வாரம் "எது மிஸ் சின்னப் பத்தி?" என்று தேடினான். மூன்றாம் வாரம் ஏழாவது ஸ்டாருக்கு மேல் நகரவில்லை. ஒரு நாள் ஐந்து வரிப் பத்தியில் நான்கு வரி சுத்தமாக வாசித்துவிட்டு ஐந்தாவது வரியில் "பள்ளம்" என்பதைப் "பல்லம்" என்றான். விதி விதிதான் என்று நான் ஸ்டார் தரவில்லை. மறுவகுப்புக்கு வந்தபோது அட்டையைப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வை இந்த இடத்தில் பலரும் சொல்வார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஆசையாக இருந்த பிள்ளைகளில் சிலருக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். பிற்பாடு பரிசில்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு ஆசையைத் தின்றுவிடும் என்பதற்கு இதைக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் முதலிலேயே ஆசை இருந்தது. இவனிடமோ பரிசு தின்றுவிட வாசிப்பு ஆசை என்று ஒன்றே இல்லை. அப்படிப்பட்ட வேலையைத் தொடங்கிவைக்க ஒரு சின்னப் பரிசு உதவலாம், நான் அதை எதிர்க்க மாட்டேன். என் தப்பு வேறு. அவன் கையில் இல்லாத ஒன்றுக்கு விலை வைத்தேன். பத்து நிமிடம் உட்காருவது அவன் கையில் இருக்கிறது. தப்பில்லாமல் வாசிப்பது இல்லை. இருந்திருந்தால் அவனை என்னிடம் யாரும் அழைத்து வந்திருக்கவே மாட்டார்கள். முடியாததைச் செய்தால் கார் தருகிறேன் என்று சொன்னதும், முடியவில்லை என்பதை வாரம் இரண்டு முறை சுவரில் எழுதிக் காட்டியதும் ஒன்றுதான்.

அட்டையைக் கிழித்தேன். காரை வாங்கிக் கொடுத்தேன். ஏழு ஸ்டாருக்கு எதற்குக் கார் என்று கேட்டான். அட்டை தப்பாகப் போட்டது நான், அபராதம் என்றேன். அதற்கு முன் எந்த டீச்சரும் அவனுக்கு அபராதம் கட்டியதில்லை போலிருக்கிறது, ரொம்ப நேரம் சிரித்தான்.

நோட்டின் கடைசிப் பக்கம்

ஜூலை கடைசியில்தான் அவனுடைய நோட்டைப் பின்பக்கமிருந்து பார்த்தேன். பதினைந்து பக்கம் பஸ். வெறும் பெட்டிக்கு நான்கு சக்கரம் போட்ட பஸ்கள் இல்லை. மேலே ஏறும் ஏணி, டிரைவர் பக்கக் கதவு, கண்ணாடிக்குக் கீழே தொங்கும் எலுமிச்சை மிளகாய், பின்பக்கப் படியின் கம்பி வரைக்கும் இருந்தது. எல்லா பஸ்ஸிலும் முன்னால் போர்டுக்குச் சதுரம் போட்டிருந்தான். சதுரத்துக்குள்ளே ஒன்றுமில்லை.

"போர்டு ஏன்டா காலியா இருக்கு?"

"வண்டி ஓடுது மிஸ். ஓடும்போது தெரியாது."

அடுத்த வகுப்புக்கு நான் புத்தகம் எடுத்துப் போகவில்லை. அரைச்சாண் அகலத்துக்கு அட்டை வெட்டி, பஸ் போர்டு போலக் கொட்டை எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டு போனேன். ஊர்ப்பெயரை எடுத்ததற்குப் பஸ் ஆசை மட்டும் காரணமில்லை. பாடப் புத்தகத்தில் "சென்றுகொண்டிருந்தான்" என்று வரும். இவன் கஷ்டப்பட்டு அதை ஒலிகூட்டி முடித்தாலும் கையில் கிடைப்பது அவன் வாயில் ஒருநாளும் வராத சொல். அவனுக்குப் "போய்க்கிட்டிருந்தான்"தான் தெரியும். ஏறி முடித்த இடத்தில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. உசிலம்பட்டி அப்படி இல்லை. பேச்சிலும் உசிலம்பட்டி, எழுத்திலும் உசிலம்பட்டி. "உ… சி… ல…" என்று இழுத்துக்கொண்டு போகும்போதே எங்கோ மணி அடித்து ஊர் முழுதாக வந்து நிற்கும். கண்டுபிடித்த சுகம் அங்கே இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த நாமெல்லாம் எந்தக் காலத்திலோ மறந்துவிட்ட சுகம் அது.

இன்னொரு வசதி, ஊர்ப்பெயர்களுக்கு வால் உண்டு. பட்டி, குடி, குளம், கோட்டை, மங்கலம். "தேவதானப்பட்டி" எட்டு எழுத்து, இவனுக்கு மலை. "பட்டி"யை ஒரே பார்வையில் பிடிக்கப் பழகிவிட்டால் மிச்சம் ஏற வேண்டியது ஐந்தே எழுத்து. அதே பட்டி ஆண்டிபட்டிக்கும் கோவில்பட்டிக்கும் உதவும். அருப்புக்கோட்டையில் பிடித்த கோட்டை புதுக்கோட்டை, தேவகோட்டை, செங்கோட்டை வரைக்கும் கூட வரும். ஐந்து வால் அட்டைகளோடு "ஊர்" என்று ஆறாவதும் சேர்த்தேன், அது சறுக்கியது. "மேலூர்" என்று எழுதினால் "ஊர்" என்ற வடிவமே கண்ணில் தெரியாது, "லூ"வுக்குள் புகுந்துவிடும். சாத்தூரில் "தூ" ஆகிவிடும். பையன் மேலூர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து "இதுல ஊரே இல்லையே மிஸ்" என்றான். சரியாகத்தான் சொன்னான். ஆறாவது அட்டையை எடுத்து வைத்துவிட்டு, ஊகார வடிவங்களைத் தனியாக நான்கு வாரம் செய்தோம்.

டெப்போ

விதிகளை அவனே வைக்கட்டும் என்று விட்டேன். ஒரு டிரிப் 7 நிமிடம், எட்டு இல்லை. சமையலறை டைமர் அவன் கையில். வாசிக்கப் பிடிக்காத அட்டையை ஏன் எதற்கு என்று சொல்லாமல் "டெப்போ"வுக்கு அனுப்பிவிடலாம். டெப்போ என்பது ஒரு பழைய செருப்புப் பெட்டி. அங்கே போன வண்டியைப் பழுது பார்ப்பது என் வேலை. கைதட்டி ஒலி பிரிப்பது, கொம்பைச் சிவப்பில் எழுதுவது, மணலில் விரலால் எழுதிக்கொண்டே சொல்வது என்று நான் முறைப்படி செய்ய வேண்டிய பாடமெல்லாம் "ரிப்பேர்" என்ற பெயரில் நடந்தது. அவன் உதவிக்கு வந்த மெக்கானிக். "நீ வாசி" என்றபோது இறுகிப்போன பையன், "இந்த வண்டி ஏன் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது பாரு" என்றபோது குனிந்து பார்த்தான்.

விசிலும் வந்தது. ஒரு விசில் நிறுத்து, இரண்டு விசில் போகலாம். நான் அட்டைகளை வாசிக்க வேண்டும், தப்பாக வாசித்தால் அவன் ஒரு விசில் ஊத வேண்டும். "திருமங்கலம்" அட்டையை நான் "திருப்புவனம்" என்று வாசித்த நாளில் அவன் ஊதிய ஊதலுக்குப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஆசிரியையின் தப்பைப் பிடிக்க வேண்டுமானால் அட்டையின் கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தாக வேண்டும். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பதுதான் அவனுடைய பழைய நோய்.

அந்த நோய் லேசில் போகவில்லை. "பெரியார்" என்று எழுதிய அட்டையை "பெரியகுளம்" என்றான். மதுரையில் பெரியார் என்றால் பெரியார் பஸ் நிலையம், டவுன் பஸ். பெரியகுளம் தேனி மாவட்டத்தில், வெகு தூரம். பஸ் ஸ்டாண்டில் அவன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். வண்டியின் நிறத்தையும் நிற்கும் இடத்தையும் பார்த்தே சொல்லிவிடுவான். இதுவரை போர்டை வாசிக்கும் அவசியமே அவனுக்கு வரவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அட்டையில் நிறமும் இல்லை, நிற்கும் இடமும் இல்லை. "பெரியாருக்கு டிக்கெட் எடுத்தவரைப் பெரியகுளத்துல இறக்கிவிட்டா என்னடா சொல்வாரு?" என்றேன். "வைவாரு மிஸ்" என்று மறுபடி பார்த்தான். "பெ… ரி… யா… ர்." அவனாகத் திருத்திய முதல் சொல் அது.

ஊகத்தை அடியோடு தடுக்க ஒரு வழிதான் உண்டு, இல்லாத ஊர். வால்களை மாற்றிக் கோத்து "பட்டிமங்கலம்", "குளநகர்", "குடிப்பட்டி" என்று எழுதினேன். எங்காவது நிஜமாகவே அப்படி ஊர் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். குடிப்பட்டியை ஒலிகூட்டி முடித்ததும், "அங்க எல்லாரும் குடிகாரங்களா மிஸ்?" என்றான். பொருளில்லாத சொற்களை வைத்துச் சோதிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பிள்ளைகளுக்கு அதுபோல் அலுப்பான வேலை வேறில்லை. இவனோ வீட்டிலிருந்தே ஊர்களை உண்டாக்கி எழுதிக்கொண்டு வந்தான், எனக்குப் பரீட்சை வைக்க. வாசிக்க மறுத்த பையன் கேட்காமலே எழுதியது அதுதான் முதல்.

பேச்சை அப்படியே எழுதியது

போர்டு வாசிப்பது வாசிப்பாகிவிடாது. வரிகளுக்கு வர வேண்டும். செப்டம்பரில் அவன் பஸ் பயணத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவன் சொன்ன மாதிரியே எழுதினேன்: "அப்பத்தா வெத்தல போட்டுக்கிட்டே தூங்கிருச்சு. வத்தலக்குண்டு வந்ததும் நான் எழுப்புனேன்." ஒரு பயணத்துக்கு ஐந்தாறு வரி. சொன்னது அவன் என்பதால் அடுத்த சொல் என்ன என்று பாதி தெரியும். பாதி தெரிந்தால் மீதிப் பாதியைக் கண்ணால் பிடிக்கத் தெம்பு இருக்கும்.

அவனுடைய பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. கொச்சைத் தமிழைப் பழக்கினால் பரீட்சையில் அப்படியே எழுதிவைப்பான் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நீச்சல் தெரியாதவனை முழங்கால் தண்ணீரில்தானே முதலில் இறக்குவோம் என்று மட்டும் சொன்னேன். ஆறு வாரம் கழித்து அதே பயணக் கதைகளில் வினைச்சொற்களை மட்டும் மாற்றினோம். "தூங்கிருச்சு" என்பது "தூங்கிவிட்டார்" ஆனது. எதை மாற்றலாம் என்று அவனே தேடினான். "அப்பத்தாவுக்கு எதுக்கு மிஸ் இவ்வளவு மரியாத?" என்று ஒரு சந்தேகம் வந்தது. புத்தகத் தமிழ் அவனுக்கு இன்னொரு மொழி போல இருந்தது என்பதை அதுவரை யாரும் அவனிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அதே ஆசிரியைதான் அக்டோபரில் பெரிய உதவியும் செய்தார். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். மறுநாள் எந்த நான்கு வரி என்பதை முதல் நாளே அவனிடம் மட்டும் சொல்லிவிடுவார். அந்த நான்கு வரியை இங்கே ஏழெட்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டு போவான். நவம்பரில் ஒரு நாள் எழுந்து வாசித்தான். யாரும் கைதட்டவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "எல்லாரும் மாதிரி வாசிச்சேன் மிஸ்" என்று சொன்னான். மருத்துவச் சான்றிதழோடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற வேண்டிய சலுகைகள் தனி. அந்த வேலையும் இன்னொரு பக்கம் நடந்தது. சலுகைத் தாள் எதுவும் செய்யாததை இந்த ஒரு நாள் முன்னறிவிப்பு செய்தது.

வீட்டில்

இரவு ஏழரைக்குப் புத்தகம், எட்டு மணிக்கு அழுகை, எட்டேகாலுக்கு அடி. அந்த வீட்டில் இரண்டு வருடமாக அதுதான் அட்டவணை. ஒரு மாதத்துக்கு வீட்டில் வாசிக்கவே சொல்லாதீர்கள் என்று ஆகஸ்டில் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு படிக்க வேண்டாம் என்று சொல்கிற டீச்சர்!

அந்த மாதம் அவர் வாசித்தார், பையன் கேட்டான். பாடத்தையும், நூலகத்திலிருந்து நான் கொடுத்த கதைப் புத்தகங்களையும். செப்டம்பரிலிருந்து ஜோடி வாசிப்பு: இருவரும் ஒரே நேரத்தில் சத்தமாக வாசிப்பது. தனியாக வாசிக்கத் தைரியம் வரும்போது மேசையில் ஒரு தட்டு தட்டுவான், அம்மா நிறுத்திவிட வேண்டும். தப்பினால் நான்கைந்து விநாடி பொறுக்க வேண்டும். அவனாகத் திருத்தாவிட்டால் அம்மா சொல்லைச் சொல்லிவிட்டு மறுபடி கூடவே வாசிக்க வேண்டும். "யோசிச்சுப் பாரு", "நேத்துதானே சொன்னேன்" இரண்டும் கூடாது. அந்த நான்கைந்து விநாடிதான் அவருக்கு மிகக் கஷ்டம். தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து எண்ணுவேன் மேடம் என்றார். அப்பா இந்தக் கதைக்குள் வரவே இல்லை. ஒரே ஒரு முறை பழைய பெயின்ட் டப்பாவோடு வந்து போர்டு அட்டைகளுக்கு மஞ்சள் அடித்துக் கொடுத்தார்.

ஜனவரி

அரையாண்டு விடுமுறையில் உறவுக்காரப் பையன் ஒருவன் அட்டைகளைப் பார்த்து, "இது ஒண்ணாப்புப் பிள்ளைங்க படிக்கிறது" என்று சொல்லியிருக்கிறான். ஜனவரி முதல் வகுப்புக்கு வந்தவன் 60 அட்டைகளையும் டெப்போவுக்குள் போட்டு மூடினான். விதி அவன் வைத்தது, நான் மீற முடியாது. "ஸ்ட்ரைக்கா?" என்றேன். "ஆமா." இரண்டு வகுப்பு அட்டையில்லாமல் போனது. நான் கதை வாசித்தேன், அவன் பஸ் வரைந்தான். கெஞ்சவோ மிரட்டவோ எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அதற்குள் பொங்கல் வந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பொங்கல் கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. இத்தனை வருடமாகப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். தேனிப் பக்கம் போகும் வண்டி என்று எதிலும் அவர் ஏறிவிட முடியாது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழி போனால் தேவதானப்பட்டி வராது, வத்தலக்குண்டு வழி போக வேண்டும். வண்டியின் நிறம் இதைச் சொல்லாது. நிற்கும் இடமும் பொங்கல் நெரிசலில் மாறிப்போயிருந்தது. போர்டின் கீழ்வரியில் பொடியாக "வழி" என்று எழுதியிருப்பதுதான் கதி.

நடந்ததைப் பையனும் அம்மாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். முதல் வண்டியில் எலக்ட்ரானிக் போர்டு. சிவப்பு எழுத்து வலமிருந்து இடம் ஓடிக்கொண்டே இருந்தது, தமிழ் முடிந்ததும் ஆங்கிலம். அவன் "தே" பிடிப்பதற்குள் அடுத்த எழுத்து போய்விட்டது. மூன்று சுற்றுப் பார்த்தும் முடியவில்லை, வண்டி போய்விட்டது. ஓடும்போது தெரியாது என்று ஜூலையில் சொன்னவன்தானே. அடுத்து வந்த வண்டியில் தகர போர்டு. கூட்டத்துக்குள் புகுந்து முன்கண்ணாடிக்கு நேராகப் போய் நின்று, விரலை வைக்க எட்டாமல் காற்றிலேயே விரலை ஓட்டி வாசித்திருக்கிறான். வத்தலக்குண்டு. அப்பத்தா நம்பவில்லை. பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த ஒருவரைக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். உட்கார இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனார்கள்.

பொங்கல் முடிந்து வந்ததும் டெப்போ மூடியைத் திறந்து அட்டைகளை அவனே அடுக்கினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. "மிஸ், வழி போர்டும் எழுதணும். சின்ன எழுத்துல" என்றான். அதுவரைக்கும் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் வைத்திருந்தது நான்தான்.

மார்ச் அளவு

நான்காம் வகுப்புப் பத்தி, நிமிடத்துக்கு 23 சொற்கள், 2 தப்பு. இரண்டாம் வகுப்புப் பத்தியில் 36. பொருளில்லாத சொற்களில் 20-க்கு 13. அதே வகுப்பில் சாதாரணமாக வாசிக்கும் மூன்று பிள்ளைகள் நான்காம் வகுப்புப் பத்தியை 45 முதல் 60 சொற்கள் வேகத்தில் வாசித்தார்கள். எட்டிப்பிடித்துவிட்டான் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். ல, ள, ழ எழுத்துப்பிழை ஜூனில் இருந்த அளவிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தை இன்னும் தொடவில்லை.

மாறியது வேறோர் எண். ஜூனில் புத்தகம் திறந்திருந்தது 6 நிமிடம். மார்ச்சில் 7 நிமிட டிரிப்புகள் சராசரியாக ஒரு வகுப்புக்கு நான்கு, சில நாள் ஐந்து. பென்சில் சீவுவது நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் கேட்கிறான், வெயிலும் அப்படி. முதலில் ஆர்வம் வரட்டும், பிறகு வாசிப்பான் என்று பெற்றோர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசை நினைவுக்கு வருகிறது. இவனிடம் அது தலைகீழாகத்தான் நடந்தது. முதலில் ஒரு போர்டு வாசிக்க முடிந்தது, அதற்கப்புறம் இன்னொன்றுக்கு ஆசை வந்தது. முடிகிற அளவுக்குச் சின்னதாக வெட்டிக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது, அவனுடையதாக இல்லை. அதைச் சரியாக வெட்ட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

ஜூனில் ஐந்தாம் வகுப்பு. பஸ் ஆசை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. இப்போதே கபடி பக்கம் சாய்கிறான், அதற்கும் அட்டை வெட்டத் தயாராக இருக்கிறேன்.

டெப்போவில் இப்போது 9 அட்டைகள். ஸ்ரீவில்லிபுத்தூரும் ஸ்ரீவைகுண்டமும் செப்டம்பரிலிருந்து அங்கேயே கிடக்கின்றன. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரை வெளியே எடுக்கலாமா என்று கேட்டேன்.

"அது எஃப்.சி.க்குப் போயிருக்கு மிஸ். வர நாளாகும்."